கியூபெக்குக்குக் கொண்டுபோன மல்லிகை

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டபோது குழாய் ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன் அக்கா. வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாத்ரூமுக்குள்ளிருந்து சர்... சர்... என்று ஒரு சத்தம். நின்றுவிடும். பிறகு ஒரு முனகல். பிறகு மறுபடியும் சர்... சர்... ஹொட்டேல் இருக்கிற கட்டடம் வெள்ளைக்காரன் கோட்டை கட்டிச் சண்டை பிடித்த காலத்தது என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். கட்டடம் பழையதென்றால் குழாயும் பழையதுதானே. கீழே போன் பண்ணி, குழாய் ஒழுகுது, ஆளை அனுப்புங்கோ என்றேன். ஆளும் ஸ்பானரோடு வந்துவிட்டான். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து என் மனிசி, "ஒண்டும் ஒழுகேல்லை, அவரைப் போகச் சொல்லுங்கோ" என்கிறாள். அந்தப் பிரெஞ்சுக்காரன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும், சொல்லுங்கோ.

இருங்கோ, நன்றாகச் சாய்ந்து இருங்கோ. பையை மேலே வைத்துவிடட்டா? இந்த சீட் மனிசிக்கென்று எடுத்ததுதான். ரொறன்ரோ வரைக்கும் சும்மாதான் கிடக்கப் போகிறது. அவ எங்கே என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இந்த பஸ்ஸில் மற்றவர்களுக்கெல்லாம், சுற்றிக்காட்ட வந்த ஆள் உட்பட, அவ நேற்றே மொன்றியலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டா என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? நீங்கள் இப்போதுதான் மொன்றியலில் ஏறினீர்கள், இறங்கினால் யாரோ எவரோ. அதோடு மகளின் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுப் போகிறவர் என்கிறீர்கள். நீங்களும் மூன்று பெற்றவர். உங்களுக்கு இது விளங்கும். ஒரு ஞாயம் சொல்வீர்கள்.

நான் பிரதாபன். ஸ்காபரோவில் ஒரு பாண் பேக்கரியில் சூப்பர்வைசர். மனிசி பெயர் அனோஜினி. எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை, ஆரணி. பத்து மாதம். பிரச்சினை அதுதான் அக்கா, பத்து மாதம் ஆகியும் தாய்ப்பால். போத்திலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எங்களோடு இருக்கிற என் அம்மா தூக்கினால் வீடு இடிகிற மாதிரிக் கத்துகிறது. அம்மாவுக்கு அது பெரிய மனவருத்தம். "நாலு பெத்து ஏழு பேரப்பிள்ளையளைத் தூக்கினனான். என்ரை கையிலை கிடந்து கத்துற ஒரே பிள்ளை இதுதான்" என்று வாற போற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக் கவலைப்படுவார். அதோடு இன்னொரு விசயம். இது பால் குடித்துக்கொண்டிருந்தால் அடுத்தது தங்காது என்று அம்மா சொல்கிறார். அடுத்தது ஆம்பிளைப் பிள்ளையாக இருக்க வேணும் என்று அம்மா நேர்ந்திருக்கிறார். எனக்கு எது என்றாலும் சரி. அம்மாவுக்காகத்தான்.

முதலில் கற்றாழை பூசிப் பார்த்தோம். நீங்களும் செய்திருப்பீர்கள். அம்மாவே வெட்டி, தானே பூசிவிட்டார். பிள்ளை வாயை வைத்தது, முகத்தைச் சுளித்தது, சத்தி எடுத்தது. எடுத்துவிட்டு மறுபடியும் வாயை வைக்கிறது. பிடிவாதத்தைப் பாருங்கோ. இவள் போய்க் கழுவிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. எதிர்த்துக் கதைக்கவும் இல்லை. அதுதான் இவளுடைய குணம். கொன்வென்றில் படித்தவள் அக்கா. சிஸ்டர்மார் எதைப் படிப்பித்தார்களோ தெரியாது, சத்தம் வராமல் அழுவதற்கு நன்றாகப் படிப்பித்திருக்கிறார்கள். பயந்த பிள்ளை. எதைச் சொன்னாலும் "ஓம்". எதைக் கேட்டாலும் "பறவாயில்லை". ஸ்காபரோவில் தனியாக பஸ் ஏறவே பயம், எதற்கும் நான் வேணும். அப்படி ஒரு பெண்தான் வேணும் என்று அம்மா இரண்டு வருசம் தேடி எடுத்தது.

பிறகு அம்மாதான் சொன்னார். "தாயையும் பிள்ளையையும் மூண்டு நாள் பிரிச்சு வை. தன்ரைபாட்டிலை மறந்து போகும். எங்கையும் ஊர் பாக்கக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கும் ஆசையா இருக்கும். ஏன் எண்டு மட்டும் சொல்லிப் போடாதை, சொன்னால் வராள்." எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கலியாணம் கட்டி இவளை நான் ஓரிடமும் கூட்டிப் போகவில்லை. இதே பஸ்ஸில் இரண்டு பேருக்கு கியூபெக் சிற்றிக்குப் பதிந்தேன். பழைய பிரெஞ்சு ஊர், கோட்டை மதில், குதிரை வண்டி. எத்தனை பேர் மனிசிமாரை அப்படிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்?

சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், "பிள்ளையையும் கொண்டு போவம்" என்கிறாள். குளிர் என்றேன், ஆற்றங்காற்று என்றேன். "அவள் போத்தில் குடிக்கமாட்டாள், மாமி என்ன செய்வா?" என்கிறாள். அம்மா குசினிக்குள்ளிருந்து, "மாமி ஆடு மாடு மேய்ச்சே நாலு பிள்ளையளை வளத்தனான்?" என்று கேட்டார். அதோடு இவள் வாயை மூடிவிட்டாள். பால் எடுக்கிற பம்ப் ஒன்று இருக்கிறதுதானே, அதைத் துவாயில் சுற்றிச் சூட்கேசில் வைத்தாள். புறப்படும்போது பிள்ளையைக் கொஞ்ச உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து அம்மா சூட்கேசைத் திறந்து பம்பை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அம்மாவிடம் போய் என்ன கதைக்கிறது? சூட்கேசும் பாரம் குறைந்துவிட்டது.

சரி, போய்ச் சேர்ந்தோம். நீங்கள் கியூபெக் சிற்றி பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேணும் அக்கா. மலை உச்சியில் அரண்மனை மாதிரி ஒரு பெரிய ஹொட்டேல். அதற்கு முன்னால் நீளத்துக்குப் பலகை போட்ட நடைபாதை. கீழே ஆறு, கடல் மாதிரி. மதிலில் வரிசையாகப் பீரங்கி. பார்க்கிற பக்கமெல்லாம் படம் எடுக்கலாம். ஆனால் கூட வந்தவள்? வாங்கு கண்ட இடமெல்லாம் உட்கார்ந்துவிடுகிறாள். நடக்கச் சொன்னால் பத்தடி நடந்துவிட்டு நிற்கிறாள். பொறுங்கோ, இந்தப் படங்களைப் பாருங்கோ. இது பீரங்கிக்குப் பக்கத்தில். இது குதிரை வண்டி. இது மதில் வாசல். ஒன்றிலாவது கை கீழே இருக்கிறதா? எல்லாவற்றிலும் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் அடித்துவிட்ட பிள்ளை மாதிரி. "கையை எடும், சிரியும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இந்தப் படத்தை ஒரு சீனப் பெண் எடுத்துத் தந்தாள். எடுத்துவிட்டு இவளிடம் போய், சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிறாள். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த நடைபாதையில் வெள்ளைக்காரி ஒருத்தியின் பிள்ளை தள்ளுவண்டிக்குள் கிடந்து அழுதது. யாரோ ஒரு பிள்ளை அக்கா, எங்களுக்கு அதில் என்ன? இவள் எழுந்து நின்றுவிட்டாள். பார்த்தால் சட்டை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து வட்டமாகிக்கொண்டு வருகிறது. அத்தனை சனத்துக்கு நடுவில். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. உடனே கடைக்குள் போய், மேப்பிள் இலை போட்ட சிவப்புச் சால்வை ஒன்று வாங்கிப் போர்த்திவிட்டேன். விலையைக்கூடப் பார்க்கவில்லை. வேறு ஒருவன் என்றால் ஏசியிருப்பான்.

மணிக்கொரு தரம் வீட்டுக்குப் போன். அம்மா எடுத்து, "பிள்ளை நித்திரை" என்பார். "முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ மாமி." "விளக்கைப் போட்டால் எழும்பியிடும் பிள்ளை." முகத்தைக் காட்ட வேண்டாம் என்று நான்தான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன், கண்டால் இன்னும் கூடச் சுரக்கும் என்று. ஒருதரம் போனுக்குள்ளே அழுகிற சத்தம் கேட்டுவிட்டது. அம்மா, "அது ரீவி" என்றார். இவள் என்னைப் பார்த்தாள். நானும், "ரீவிதான்" என்றேன். "ஓம்" என்றாள்.

அன்றைக்குப் பொழுதுபட்ட பிறகுதான் அந்த பாத்ரூம் சத்தம். ஸ்பானர்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். வோஷ் பேசினுக்கு மேலே குனிந்துகொண்டு நிற்கிறாள். பேசின் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. ஆடு கறக்கும்போது செம்பில் முதல் பீச்சு விழுமே, அந்தச் சத்தம்தான் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன நீர், இஞ்சை வந்து பால்பண்ணை துவங்கியிட்டீரோ?" என்று பகிடியாகத்தான் கேட்டேன். பகிடி விளங்காத பிறவி. "கல்லு மாதிரி இருக்கு, நோகுது. பம்பை வைச்சனான், காணேல்லை" என்கிறாள். பேசினைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் அவளின்ரை" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். பாலைப் பார்த்து அழுகிறவளை நான் அப்போதுதான் கண்டேன்.

அப்போதுதான் அம்மா தந்துவிட்ட பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. அதற்குள் ஈரக் கடதாசியில் சுற்றிய மல்லிகைப் பூ. இந்தக் குளிர் நாட்டில் மல்லிகை எடுப்பது லேசா? அம்மா தமிழ்க் கடைக்குச் சொல்லிவைத்து எடுத்தது. ஹொட்டேல் பிரிட்ஜில் வைத்திருந்தேன். எடுத்துத் திறந்தேன். அறை முழுக்க வாசம்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும் அக்கா. அழுதுகொண்டு நின்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "எனக்கோ?" என்று கேட்டாள். "உமக்குத்தான்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து மணந்து பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு. நாள் முழுக்கச் சிரியும் சிரியும் என்று கெஞ்சியும் வராத சிரிப்பு. அந்த நேரம் பார்த்து போன் சார்ஜில் கிடக்கிறது, படம் எடுக்க முடியவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். "நீங்களே வைச்சு விடுங்கோவன்" என்றாள். "கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் எனக்குப் பூ வாங்கியிருக்கிறியள்."

நான் பொய் சொல்லாத ஆள். "தலைக்கு இல்லை" என்றேன்.

"பிறகு?"

"நெஞ்சிலை வைச்சு இறுக்கிக் கட்ட வேணுமாம். மூண்டு நாளிலை பால் வத்திப் போகுமாம். அம்மா தந்துவிட்டவ."

அவள் திரும்பவில்லை. தலைமயிரை விரித்துவிட்டபடி அப்படியே இருந்தாள். உங்களுக்கு இது தெரிந்த வைத்தியம்தானே? ஊரில் எல்லாரும் செய்வதுதானே? நான் ஏதோ நஞ்சைக் கொடுத்த மாதிரி இருந்தாள். பிறகு மெல்லமாகக் கேட்கிறாள், "இஞ்சை வாறதெண்டு ஆர் முடிவெடுத்தது?"

"அம்மாதான் சொன்னவ."

"பம்பை ஆர் எடுத்தது?"

"அதுவும் அம்மாதான். உமக்குப் பாரம் எண்டு."

"அது ரீவி இல்லை, என்ன?"

நான் பெட்டிக்குள்ளிருந்து பூவை எடுத்து வெளியே வைத்தேன். "ஓம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எழுந்தாள். அந்தச் சிவப்புச் சால்வையை நீளத்துக்கு மடித்து, பூவை வைத்து, தானே சுற்றிக்கொண்டாள். பின்பக்கம் முடிச்சுப் போடக் கை எட்டவில்லை. நான்தான் இறுக்கி முடிந்துவிட்டேன். நொந்திருக்கும்போல, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வாசத்துக்கு எங்கடை முதலிரவு மாதிரி இருக்கு, என்ன?" என்றேன், மனதை மாற்ற. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

காலையில் பார்த்தால் பூவெல்லாம் குப்பை வாளிக்குள். அம்மா அவ்வளவு பாடுபட்டு எடுத்த பூ. தொட்டால் உடம்பு கொதிக்கிறது. இரண்டு பனடோல் கொடுத்தேன். விழுங்கினாள். பிறகு என் காலடியில் இருந்துகொண்டு, "என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்கிறாள்.

"நாளைக்குப் போறம்தானே."

"ஆரணி குடிச்சால்தான் இந்தக் கட்டு இறங்கும்."

"அவள் குடிக்கக் கூடாது எண்டுதானே வந்தனாங்கள்" என்றேன். இதில் பிழையாக ஏதும் இருக்கிறதா? உள்ளதைச் சொன்னேன்.

பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். தலையை வாரி இழுத்தாள். பொட்டு வைத்தாள். சால்வையைப் போர்த்துக்கொண்டு வந்து, "இண்டைக்கு எங்கை போறம்?" என்று கேட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோசம். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் உடனே மெசேஜ் போட்டேன்.

அங்கே மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடுவில் மலைச்சரிவில் ஒரு வண்டி ஓடுகிறது. கண்ணாடிப் பெட்டி மாதிரி, தண்டவாளத்தில் ஏறி இறங்கும். மேலேயிருந்து எடுத்தால் பெட்டி, கீழே பழைய கூரைகள், ஆறு எல்லாம் ஒரே படத்தில் வரும். ஆனால் இரண்டு பேரும் ஏறினால் யார் எடுப்பது? நான்தான் யோசித்தேன். "நீர் தனிய ஏறி இறங்கும், நான் மேலையிருந்து வீடியோ எடுக்கிறன். கீழை போய் அப்பிடியே அடுத்ததிலை ஏறி வாரும். போகேக்கை கையை ஆட்ட வேணும்" என்றேன். தனியாகவா என்று பயப்படுவாள் என்று பார்த்தேன். "ஓம்" என்றாள். எனக்கு இரண்டு கையும் வேணும் என்று என் தோள்பையையும் அவளிடம் கொடுத்தேன். பர்ஸ் எல்லாம் அதற்குள்தான்.

இதுதான் அந்த வீடியோ. பாருங்கோ. பெட்டி இறங்குகிறது. கண்ணாடிக்குள்ளே சிவப்பாகத் தெரிகிறதே, அவள்தான். கையை ஆட்டவில்லை பார்த்தீர்களா? அவ்வளவு சொல்லியும். இப்போது கீழே போய் நிற்கிறது. கதவு திறக்கிறது. சனம் இறங்குகிறது. இதோ சிவப்புச் சால்வை. அந்தக் கல் ரோட்டால் போகிறாள். நேரே போகிறாள். ஒருதரமாவது மேலே திரும்பிப் பார்க்கிறாளா? இல்லை. நான் இன்னும் எடுத்துக்கொண்டுதான் நிற்கிறேன். படம் ஆடாமல் வந்திருக்கிறது, என்ன?

அடுத்த பெட்டி வந்தது, அவள் இல்லை. அதற்கடுத்ததும் வந்தது. படியால் இறங்கி ஓடிப்போய்த் தேடினேன். கடைகளில் கையைக் காட்டிக் கேட்டால் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறார்கள். கீழே ஒரு சின்னக் கல் கோவில் இருந்தது. கொன்வென்ற் பழக்கத்தில் அதற்குள் முழங்காலில் இருப்பாள் என்று எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அவளுடைய போன் நிறுத்திக் கிடக்கிறது. சரி, பயந்தவள், கையில் காசு இருந்தாலும் வழி தெரியாது, இருட்டினால் தானாக வருவாள் என்று அறையில் போய்ப் படுத்தேன். வரவில்லை. கீழ் ஊரில் ரெயில் நிலையம் ஒன்று இருக்கிறதாம், பிறகுதான் கேள்விப்பட்டேன். ஆனால் இவளாவது, தனியாக ரெயில் ஏறுவதாவது. பொலிசுக்குச் சொல்லலாம்தான். சொல்லி? மனிசிக்குப் பால் கட்டி, கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றா? என்னைப் பார்த்துச் சிரிப்பான்கள்.

அம்மாவுக்கும் சொல்லவில்லை. பிரசர்காரி. அவரே அன்று பின்னேரம் போன் எடுத்தார், சந்தோசமாக. "சோத்துத் தண்ணி நாலு கரண்டிதான் இறங்கினது. ஆனால் இண்டைக்குக் கத்தல் இல்லை தம்பி. குரல் கம்மிப் போச்சு. வாயைத் திறக்குது, சத்தம் வரேல்லை. மறந்துகொண்டு வாறாள் போலை" என்றார். பார்த்தீர்களா, அம்மாவின் வைத்தியம் வேலை செய்கிறது. இன்னும் ஒரு நாள் இவள் பொறுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஏன் அக்கா, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள்? வெயில் குத்துகிறதா? திரையை இழுத்துவிடட்டா? ஒன்றும் சொல்லாமல் வருகிறீர்கள். நான் அடித்தேனா? குடித்தேனா? வேறு ஒருத்தியோடு போனேனா? ஊர் பார்க்கக் கூட்டிப் போனேன். அவ்வளவுதான். தெரிந்தவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது, அதைச் சொல்லுங்கோ.

பொறுங்கோ, அம்மா எடுக்கிறார். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கோ.

"தம்பி, எங்கையடா நிக்கிறாய்?"

"பஸ்ஸிலை அம்மா. மொன்றியல் தாண்டியிட்டம்."

"அப்ப ஏன் உன்ரை மனிசி இஞ்சை தனிய வந்து நிக்கிறாள்?"

"வந்திட்டாளோ? எப்பிடி வந்தவள்?"

"ரக்சியிலை வந்து இறங்கினாள். காய்ச்சல்காரி மாதிரிக் கண்ணெல்லாம் சிவந்து. செருப்பும் கழட்டாமல் நேரை உள்ளை போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்."

"பிள்ளை?"

"அதுக்கு முதல்லை ஆளைத் தெரியேல்லை. முகத்தைப் பாத்துக்கொண்டு கிடந்துது. பிறகு கழுத்துக்கை மோந்து பாத்திட்டுச் சட்டையைப் பிடிச்சு இழுக்கத் துவங்கியிட்டுது. நான் சொன்னன், பிள்ளை, குடுத்துப் போடாதை, நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும் எண்டு."

"அவள் என்ன சொன்னவள்?"

"'மாமி, ரக்சிக்காரன் என்ரை பையோடை போறான், மறியுங்கோ' எண்டாள். நான் றோட்டு மட்டும் ஓடினன். திரும்பிப் பாத்தால் கதவைச் சாத்தியிட்டாள். பை அவளின்ரை தோளிலைதானடா கிடந்தது. நான் கவனிக்கேல்லை."

இவளா அக்கா? பொய் சொன்னால் பாவம் என்று கொன்வென்றில் படித்தவள்.

"இப்ப எங்கை நிக்கிறியள் அம்மா?"

"வாசல்லை. வீட்டுச் சட்டையோடை. குளிருது. தட்டுறன், திறக்கிறாள் இல்லை. உள்ளை பிள்ளையின்ரை மூச்சுச் சத்தம்கூட இல்லை. யன்னலாலை பாத்தன். குடுத்துக்கொண்டு இருக்கிறாள்."

"பயப்படாதேங்கோ. வீட்டுத் திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளை இருக்கு. பின்னேரம் வந்து நான் திறந்து விடுறன். அதுமட்டும் பக்கத்து வீட்டிலை இருங்கோ. வந்து கதைக்கிறன் அவளோடை."

"பொறு, பொறு. எழும்பி வாறாள். பிள்ளையையும் தோளிலை போட்டுக்கொண்டு வாறாள். திறக்கத்தான் போறாள் போலை. பிள்ளை... திற பிள்ளை, குளிருது..."

கேட்டதா அக்கா? டக் என்று ஒரு இரும்புச் சத்தம், போனுக்குள்ளால் உங்களுக்கும் கேட்டதுதானே? அது திறப்பால் திறக்கிற பூட்டு இல்லை. பகலில் தனியாக இருக்கக் கள்ளர் பயம் என்று அம்மா என்னைக் கொண்டு கதவுக்கு உள்பக்கம் போடுவித்த இரும்புத் தாழ்ப்பாள். அதை அவள் போட்டுவிட்டாள்.